குண்டின் எடையும் குறியின் பிழையும்

கடையில் கிடைக்கும் தோட்டாவை வாங்கிச் சுடுவதோடு திருப்தியடையாமல், பித்தளைக் கூடு, பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு என்ற நான்கையும் தனித்தனியே வாங்கி, தம் கைத்துப்பாக்கிக்கோ நெடுந்துப்பாக்கிக்கோ எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துத் தாமே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது. சிக்கனம் இதற்கு ஒரு காரணம். ஆயினும் பலரை இதில் பிடித்து வைத்திருப்பது துல்லியத்தின்மேல் உள்ள மோகமே. அந்த மோகம் முற்றியவர்கள் மாலை வேளைகளில் ஒரு சிறு தராசை எதிரே வைத்துக்கொண்டு, நூறு குண்டுகள் உள்ள பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக நிறுத்து, எடைவாரியாகக் கிண்ணங்களில் பிரித்துப் போடுவார்கள். அவர்கள் கையாளும் அலகு கிரெயின். 7000 கிரெயின் கொண்டது ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்கள் பழைய நாளில் பயன்படுத்திய குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் இருக்கும் என்றால், அந்தக் குன்றிமணியை இருபது கூறாக்கி அதில் ஒரு கூறு கூடிற்றா குறைந்ததா என்று பார்ப்பதுதான் இவர்களுடைய உத்தியோகம்.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டா என்ற கேள்வியைப் பற்றி அபிப்பிராய பேதம் மிகுதி. எடையில் சிறிது மாறினாலும் குறி தவறும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு; அது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுபவர்களும் உண்டு. இரு சாராரும் எடையைக் காரணம் என்று கொண்டு வாதிடுவதால்தான் விவகாரம் தீராமல் நீடிக்கிறது என்பது என் கருத்து. வைத்தியன் நாடி பார்ப்பது நாடியே நோய் என்று எண்ணி அல்ல. குண்டின் எடையும் அவ்வாறே ஒரு லட்சணம். எந்த வகைக் குண்டில் அது நோயைக் காட்டுகிறது, எந்த வகையில் காட்டாமல் ஏமாற்றுகிறது என்று பகுத்துப் பார்ப்பதே இங்கே செய்ய வேண்டிய காரியம்.

எடை பார்க்கும் பழக்கம் பிறந்த காலத்தில் அது முற்றிலும் நியாயமான பழக்கமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குண்டு என்றால் ஈயக் குண்டு. ஈயத்தோடு சிறிதளவு வெள்ளீயம் கலந்து உருக்கி, இரும்பு அச்சில் வார்த்துக் குளிரவைத்து எடுப்பார்கள். அச்சு போதிய சூடு ஏறாமல் இருந்தாலோ, கரண்டியிலிருந்து ஊற்றும் கை தயங்கினாலோ, உலோகம் உறையும்போது நடுவில் காற்று சிக்கிப் பொந்து விழும். வெளியில் பார்த்தால் குண்டு பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொந்து சுமார் 0.7 கிரெயின் ஈயத்தைத் தின்றுவிடும். 500 கிரெயின் எடையுள்ள பெரிய குண்டில் அது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது, தராசுக்குத் தெரியும். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அச்சின் வயிறு கொள்ளும் அளவுக்கு மேல் ஈயம் உள்ளே போக முடியாதாகையால், அச்சு சரியாக மூடியிருக்கும் வரையில், வார்த்த குண்டு கனம் குறையக்கூடுமே தவிர வரம்பு மீறிக் கூடாது. எனவே நூறு குண்டுகளை நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை மேல் வரம்பை ஒட்டி நெருங்கி நிற்க, சில மட்டும் இலேசான பக்கமாக விலகிக் கிடக்கும். விலகியவற்றை மறுபடி உருக்கும் சட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். இன்றும் கரும்புகை மருந்தும் ஈயக் குண்டும் கொண்டு போட்டியிடும் அமெரிக்கர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் செய்வதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

அக்காலத்துப் போட்டிகளில் மிகப் புகழ்பெற்றது 1874 செப்டம்பர் 26-ஆம் தேதி நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், கிரீட்மூர் என்ற மைதானத்தில், ஐரிஷ் அணிக்கும் அமெரிக்க அணிக்கும் நடந்தது. 800, 900, 1000 கஜ தூரங்களில் சுட்டார்கள். ஐரிஷ்காரர்கள் முன்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகளையும், அமெரிக்கர்கள் பின்வாய் வழியே தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளையும் ஏந்தி வந்தார்கள். முடிவு 934-க்கு 931 என்று அமெரிக்கர்களுக்குச் சாதகமாயிற்று. மூன்றே புள்ளி வித்தியாசம் என்றதும், குண்டை நிறுத்ததில் யாரோ அஜாக்கிரதையாக இருந்திருப்பார்கள் என்று தராசுப் பக்தர்கள் ஊகிக்கக்கூடும், நடந்தது வேறு. ஐரிஷ் அணியைச் சேர்ந்த மில்னர் என்பவர் ஒரு குண்டை மிக அழகாக நடு வட்டத்தில் செலுத்தினார், ஆனால் பக்கத்து ஆளின் பலகையில்! நான்கு புள்ளி பெற வேண்டிய சுடுதல் பூஜ்யமாயிற்று. மனிதப் பிழையின் பரிமாணத்துக்கு முன் கிரெயினின் பத்தில் ஒரு பங்கு எம்மாத்திரம் என்பதற்கு இதைவிட நேர்த்தியான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

இனி நவீனக் குண்டுக்கு வருவோம். இது வார்க்கப்படுவதில்லை. செம்பு கலந்த உலோகத் தகட்டை இழுத்துக் கிண்ணமாக்கி, அதனுள் ஈயக் கருவை இட்டு, பெரும் அழுத்தத்தால் அச்சுக்குள் நெருக்கி, முனையைக் கூராக்குகிறார்கள். கருவை உறைக்குள் இடுவதற்கு முன்பே தனி அச்சில் வைத்து அழுத்தி, மிகுதியான ஈயம் சிறு துவாரங்களின் வழியே பிதுங்கி வெளியேறும்படி செய்வதால், கருவின் எடை வெகு நெருக்கமாக ஒன்றுபடும். நல்ல தொழிற்சாலையில் செய்த 168 கிரெயின் போட்டிக் குண்டுகளை ஒரே பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தால், மிகக் கனத்ததற்கும் மிக இலேசானதற்கும் இடையே 0.3 கிரெயின் அளவில் வேற்றுமை இருப்பது சகஜம். அதாவது ஏறத்தாழ பதினொரு கிராம் பொருளில் ஒரு கிராமின் ஐம்பதில் ஒரு பங்கு, சதவிகிதத்தில் 0.18.

இந்த வேற்றுமை குண்டின் தேகம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறது என்று முதலில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். மருந்து தரும் சக்தி மாறாமலிருந்தால், எடை ஒரு சதவிகிதம் கூடும்போது வேகம் அரைச் சதவிகிதம் குறையும். உண்மையில் கனத்த குண்டின் பின்னால் அழுத்தம் சற்றுக் கூடுதலாக ஏறுவதால், குறைவு இதற்கும் உட்பட்டதாகவே இருக்கும். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் நம் குண்டுக்கு 0.18 சதவிகித எடை மாற்றம் விநாடிக்கு 0.7 மீட்டர் வேக மாற்றத்தைத் தரும். நூறு மீட்டர் தூரத்தில் இதனால் குறி கீழே இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. காகிதத்தில் குண்டு இடும் துளையோ எட்டு மில்லிமீட்டர் அகலம். ஆயிரம் கஜத்தில் இதே பிழை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும் என்று தோன்றும். ஆனால் அங்கே இயற்கை ஒரு சமாதானம் செய்துவைக்கிறது. வடிவம் ஒன்றாயிருக்க எடை மட்டும் கூடிய குண்டு, சற்று மெதுவாகப் புறப்பட்டாலும், காற்றின் தடையால் தன் வேகத்தைச் சற்றுக் குறைவாகவே இழக்கிறது. புறப்பாட்டில் பட்ட கடனில் பெரும்பகுதியை வழியிலேயே அடைத்துவிடுகிறது என்று சொல்லலாம். அமெரிக்க தேசிய ரைபிள் சங்கத்தின் ஆயிரம் கஜப் பலகையில் பத்துப் புள்ளி வட்டம் இருபது அங்குல அகலமுள்ளது. மணிக்கு ஒரே ஒரு மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, இந்தக் குண்டை அந்த தூரத்தில் பத்து அங்குலம் வரை தள்ளிவிடும். ஒரு மைல் வேகக் காற்றென்றால் கன்னத்தில் பட்டும் படாமலும் போகிற காற்று.

இன்னொரு கோணத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். கைதேர்ந்தவர் நிரப்பிய தோட்டாக்களில்கூட வேகம் விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் ஏறியிறங்குவது உண்டு; மருந்தின் அளவு, பிரைமரின் சூடு, கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம் எல்லாம் அதற்குக் காரணங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பிழைகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன என்பது கணித சாஸ்திரத்தின் பழைய விதி. ஆகவே 6 மீட்டர் சிதறலோடு எடையால் வரும் 0.7 மீட்டர் சேர்ந்தால் மொத்தம் 6.7 ஆகாது, 6.04 மட்டுமே ஆகும். இரவெல்லாம் உட்கார்ந்து எடை பிரித்தவர் சம்பாதித்தது அந்த 0.04 தான்.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று தராசை எடுத்து வைத்துவிடலாமா? கூடாது. நாம் போட்ட கணக்கு முழுவதும் எடை சமமாகப் பரவியிருக்கிறது என்ற ஒரே அனுமானத்தின்மேல் நிற்கிறது. அந்த அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் பிடிவாதமாக ஆராய்ந்தவர், மாஸசூஸெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டு நகரவாசியான டாக்டர் ஃபிராங்க்ளின் மான். வைத்தியப் படிப்பு முடித்த இவர், கோழிகளுக்கு இரையாக எலும்பை நறுக்கிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்று, அந்தச் சம்பாத்தியத்தைத் துப்பாக்கி ஆராய்ச்சியில் செலவழித்தவர். மனிதன் தோளில் வைத்துச் சுடுவதால் வரும் பிழையை ஒழிக்கவேண்டி, தரையில் ஆழப் பதித்த காங்கிரீட் பீடம் ஒன்றைக் கட்டி, அதற்கு ஜிப்ரால்டர் என்று பெயர் சூட்டி, ஹாரி போப் போன்ற தேர்ந்த வினைஞர்கள் கடைந்த குழல்களை அதன்மேல் பொருத்தினார். குண்டு செல்லும் பாதை நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தி, ஒவ்வொரு திரையிலும் துளை எங்கே விழுந்தது, வட்டமாக விழுந்ததா அல்லது குண்டு சாய்ந்து சென்றதால் நீண்டு விழுந்ததா என்று குறித்துக்கொண்டார். அதோடு நில்லாமல், நல்ல குண்டுகளை வேண்டுமென்றே கெடுத்தார். சிலவற்றின் முனையைச் சீவினார். சிலவற்றின் விலாவில் துளையிட்டார். சிலவற்றின் அடிப்பாகத்தைச் சாய்வாக அராவினார். 1909-இல் வெளியான அவருடைய நூல் இன்றும் இத்துறையில் மூல நூலாக மதிக்கப்படுகிறது. முனை சிதைந்த குண்டு ஓரளவு நன்றாகவே போகிறது, அடி சிதைந்த குண்டு தறிகெட்டுப் போகிறது என்று அவர் கண்டது, முனையைப் பார்த்தே குண்டின் அழகை மதிப்பிட்ட அக்காலத்தவருக்கு வியப்பாக இருந்திருக்கும். அடியில் ஒரு மூலையைச் சீவுவதால் குறையும் எடையும் முனையைச் சீவுவதால் குறையும் எடையும் ஒன்றாகவே இருக்கலாம். தராசு இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போடும்.

விலாவில் துளையிட்ட குண்டின் கதை இன்னும் போதனை மிக்கது. புரிகள் வெட்டிய குழலுக்குள் இருக்கும்வரை குண்டு தன் உருவத்தின் அச்சைப் பற்றிச் சுழல வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறது. எடையின் மையம் அந்த அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தால், சுழலும்போது அந்த மையம் ஒரு நுண்ணிய வட்டத்தில் சுற்றிக்கொண்டே வரும். குழலின் வாயைக் கடந்த கணத்தில் நிர்ப்பந்தம் நீங்குகிறது. அந்தக் கணத்தில் மையம் எந்தத் திசையை நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் குண்டு பக்கவாட்டாக வீசப்படுகிறது. அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மக்காய், 1999-இல் வெளியான தம் பெருநூலில் இதற்கான சூத்திரங்களை விரித்துரைத்திருக்கிறார். அதன் சாரம் எளிது: மையம் விலகிய தூரத்தை, குண்டு ஒரு சுற்றுச் சுழல எடுத்துக்கொள்ளும் குழல் நீளத்தால் வகுத்து, 6.28-ஆல் பெருக்கினால் திசைப் பிழையின் கோணம் கிடைத்துவிடும். வேகம் இந்தக் கணக்கில் வரவே வராது என்பதைக் கவனிக்க வேண்டும். புரி எவ்வளவு நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குண்டின் உள்ளிருக்கும் கோணல் பெரிதாகிக் காகிதத்தில் தெரியும்.

பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது 305 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற சாதாரணக் குழலையே எடுத்துக்கொள்வோம். நம்முடைய 168 கிரெயின் குண்டில் குறைந்த அதே 0.3 கிரெயின், எங்கும் பரவாமல், அச்சிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி ஒரே பக்கத்தில் பொந்தாக அமைந்துவிட்டால், எடை மையம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலரைப் பங்கு நகரும். அந்த நகர்வு நூறு மீட்டர் தூரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் பிழையாக வந்து நிற்கும். சமமாகப் பரவிய 0.3 கிரெயின் செய்த தீங்கு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு என்று முன்பு கண்டோம். எடைக் குறைவு ஒன்றே. விளைவில் அறுபது மடங்கு பேதம். எவ்வளவு குறைந்தது என்று மட்டும் தராசு சொல்லும்; எங்கே குறைந்தது என்று கேட்டால் மௌனம் சாதிக்கும். இதைவிட விபரீதம், எடையில் அணுவளவும் பேதமில்லாத குண்டிலும் இந்தக் கோணல் இருக்கக்கூடும். செப்பு உறையின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், மொத்த எடை சரியாக இருக்க, கனத்த ஈயம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

இதை யாரைவிடவும் நன்றாக உணர்ந்தவர்கள், பெஞ்ச்ரெஸ்ட் என்ற போட்டியில் ஈடுபடுபவர்கள். கனத்த மேஜையின்மேல் மணல் பைகளில் துப்பாக்கியைச் சாய்த்து, 100 அல்லது 200 கஜத்தில் ஐந்து குண்டுகளை ஏறக்குறைய ஒரே துளையில் செலுத்துவது அவர்களுடைய தவம். 1975-இல் பால்மிசானோ, பிண்டெல் என்ற இருவர் உருவாக்கிய ஆறு மில்லிமீட்டர் தோட்டா அங்கே சக்கரவர்த்தியாக விளங்குகிறது. இத்தனை நுணுக்கக்காரர்கள் குண்டை நிறுப்பதில் மணிக்கணக்காகச் செலவிடுவார்கள் என்று எதிர்பார்ப்போம். அவர்களோ மருந்தைக்கூட நிறுக்காமல், திருகி விழச்செய்யும் அளவுப் பாத்திரத்தால் அளந்து இடுகிறார்கள்! குண்டு விஷயத்தில் அவர்கள் பார்ப்பது உறையின் சுவர்ச் சமத்துவத்தையும் அடிப்பாகத்தின் செம்மையையும்தான். கையால் அச்சழுத்திக் குண்டு செய்து விற்கும் சிறு வினைஞர்களைத் தேடிப்போவதும் அதனால்தான். சுழற்சி தேவைக்கு மேல் போகாதபடி பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற தளர்ந்த புரியுள்ள குழலை அவர்கள் விரும்புவதன் ரகசியம், மேலே சொன்ன சூத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

எடை பிரித்துச் சுட்டேன், காகிதத்தில் விழுந்த துளைகளின் கொத்து சுருங்கிற்று என்று கண்ணாரக் கண்டதாகச் சாட்சி சொல்பவர்களை என்ன செய்வது? அவர்களைப் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கண்டது மெய்தான், கண்ட அளவு போதாது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்று வைத்துக்கொண்டு ஐந்து ஐந்து குண்டுகளாகச் சுட்டால், கொத்தின் அகலம் தற்செயலாகவே சராசரியிலிருந்து நாலில் ஒரு பங்கு கூடியும் குறைந்தும் வருவது இயல்பு. மூன்று குண்டுக் கொத்துகளில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். எடை பிரிப்பதால் ஐந்து சதவிகித லாபம் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், அந்த லாபத்தைத் தற்செயலின் இரைச்சலிலிருந்து பிரித்துக் கேட்க, பிரித்த குண்டுகளில் சுமார் இருநூறு கொத்தும் பிரிக்காதவற்றில் சுமார் இருநூறு கொத்தும் சுட வேண்டியிருக்கும். இரண்டாயிரம் குண்டுகள்! வேகம் மிகுந்த சில தோட்டாக்களில் அதற்குள் குழலின் தொண்டையே அரித்துப் போய்விடும். எது எடையால் வந்த மாற்றம், எது தேய்மானத்தால் வந்தது என்று பிறகு சொல்ல யாரால் முடியும்? சனிக்கிழமை பிற்பகலில் மூன்று கொத்து சுட்டுவிட்டு முடிவு கட்டுபவர்களுடைய உற்சாகத்தை நான் மதிக்கிறேன். முடிவை மதிக்க இயலவில்லை.

ஆயினும் உறையிட்ட குண்டுகளிலும் தராசு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும். ஐம்பது குண்டுகளை நிறுத்து எடைகளை வரிசையாக எழுதிப் பார்க்கையில், ஒரே குன்றாகக் குவியாமல் இரண்டு குன்றுகளாகப் பிரிந்து நின்றால், இரு வேறு அச்சுகளில் அழுத்தியவையோ இரு வேறு தொகுதியில் செய்தவையோ ஒரே பெட்டியில் கலந்துவிட்டன என்று சந்தேகிக்க இடமுண்டு. அச்சு மாறினால் நீளமும், குழலின் புரியை முதலில் தொடும் தோளின் நிலையும் மாறியிருக்கக்கூடும். அவை எடையைவிடக் கவனிக்கத் தக்கவை. சந்தேகம் எழுந்தபின் அளவுகோலை எடுத்து நீளத்தை அளந்தே பிரிக்க வேண்டும். ஐம்பது குண்டில் ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டு ஒரு கிரெயினுக்கு மேல் விலகி நின்றால், காரணம் தேடாமல் அதைத் தனியே எடுத்து, முதல் சுடுதலில் குழலைச் சூடேற்றுவதற்கு வைத்துக்கொள்வதே விவேகம்.

எடையே நேரடியாகக் குறியைத் தீண்டும் இடம் ஒன்று இருக்கிறது. அது பெரிய துப்பாக்கிகளின் உலகத்தில் இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றாரே, அந்தப் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், குண்டு என்பது அரைக் கிராம் எடையுள்ள, இடை சிறுத்த ஓர் ஈயத் துணுக்கு. அங்கே 0.1 கிரெயின் வேற்றுமை ஒரு சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. அழுத்திய காற்று தரும் சக்தி ஏறக்குறைய மாறாததாகையால் வேகம் அரைச் சதவிகிதத்துக்கு மேல் மாறும்; விநாடிக்கு 170 மீட்டர் என்ற நிதான வேகத்தில் பத்து மீட்டர் கடப்பதற்குள் துணுக்கு பதினேழு மில்லிமீட்டர் இறங்குகிறது; ஆகையால் குறி 0.2 மில்லிமீட்டர் பிசகும். பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டோ அரை மில்லிமீட்டர் அகலமே உள்ளது; கால் மில்லிமீட்டர் விலகினால் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இறுதிச் சுற்றில் பதக்கத்தின் நிறத்தை நிர்ணயிப்பது சில வேளைகளில் அந்தப் பத்தில் ஒரு பங்குதான். இருந்தும் அந்தத் துறையின் தேர்ந்த வீரர்கள் முதலில் தராசைத் தேடுவதில்லை. தங்கள் துப்பாக்கியை உற்பத்திச்சாலைக்கே கொண்டு சென்று, குழலை இடுக்கியில் அசையாமல் பொருத்தி, வெவ்வேறு தொகுதியைச் சேர்ந்த துணுக்குகளை மாற்றி மாற்றிச் சுட்டு, எந்தத் தொகுதியின் கொத்து மிகச் சிறியதோ அதிலிருந்து ஆண்டு முழுவதற்கும் தேவையான டப்பாக்களை வாங்கி வந்துவிடுகிறார்கள். வீட்டில் நிறுத்துப் பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.